பப்பெட் ஏஜென்ட் நிறுவிய பதிவு: பெயர், கடிகாரம், சாவி

பப்பெட் என்பது பல மெஷின்களின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்; ஒவ்வொரு மெஷினிலும் ஓடும் அதன் பகுதிதான் ஏஜென்ட். நமது அறுபது மெஷின்களும் இப்போது ஒரே பப்பெட் சர்வரிடம் அரை மணிக்கொரு முறை கேட்டுத் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. பெரும்பாலானவை உபுன்டு 22.04. சில ராக்கி லினக்ஸ் 9, சில விண்டோஸ் சர்வர் 2019. ஏஜென்ட் பேக்கேஜை நிறுவுவது ஒரு மெஷினுக்கு ஓரிரு நிமிட வேலைதான். "நான் இந்த மெஷின்" என்று ஏஜென்ட் சொல்வதைச் சர்வர் நம்பும்படி செய்வதில்தான் மீதி நேரமெல்லாம் போனது. ஏஜென்ட் தனக்கு ஒரு தனிச் சாவி செய்து கோரிக்கை அனுப்பும்; சர்வர் அதில் கையொப்பமிட்டுத் தரும் சான்றிதழ்தான் மெஷினின் அடையாளம். பெயர், கடிகாரம், தனிச் சாவி ஆகிய மூன்றும் ஏஜென்ட் முதல்முறை ஓடுவதற்கு முன்பே சரியாக இருந்துவிட்டால் பிறகு சிக்கலே இல்லை. ஒன்று பிசகினாலும் வரும் பிழைச் செய்தி எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்) என்ற பாதுகாப்பு இணைப்பு பற்றியதாக இருக்கும், காரணம் வேறெங்கோ இருக்கும். செய்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

சர்வர் பக்கம்

ஏஜென்டைத் தொடும் முன் சர்வரில் மூன்று விஷயங்களை முடித்துவிட வேண்டும்.

முதலாவது நினைவகம். பப்பெட் சர்வர் ஜாவாவில் ஓடுகிறது. இயல்பாகவே 2 ஜிபி ஹீப் (ஜாவா நிரலுக்கு ஒதுக்கும் நினைவகம்) கேட்கும். மொத்தமே 2 ஜிபி ராம் உள்ள விர்ச்சுவல் மெஷினில் அது எழுந்து நிற்காது, நின்றாலும் நிலைக்காது. 4 கோர், 4 ஜிபி ராம் கொடுத்தோம். அதற்குள் ஓடி, ஏஜென்ட்களின் கோரிக்கைகளை ஒரு நேரத்தில் ஒன்றாகக் கவனிக்கும் ஜேரூபி இன்ஸ்டன்ஸ்களின் எண்ணிக்கை, கோர்களில் ஒன்றைக் கழித்து வருவது, அதிகபட்சம் 4. நமக்கு 3. ஒவ்வொன்றுக்கும் 512 எம்பி, அடிப்படைக்கு இன்னொரு 512 எம்பி என்று கணக்குப் போட்டால் 2 ஜிபி ஹீப் சரியாகப் போதும். கோரைக் கூட்டினால் ஹீப்பையும் கூட்டியாக வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது பெயர். சர்வரின் முழுப் பெயர் ஒன்று, டிஎன்எஸ்ஸில் கொடுத்த 'பப்பெட்' என்ற மாற்றுப்பெயர் இன்னொன்று, டொமைனோடு சேர்ந்த மாற்றுப்பெயர் மூன்றாவது. ஏஜென்ட்கள் எந்தெந்தப் பெயரில் கூப்பிடக்கூடுமோ அத்தனையும் டிஎன்எஸ் ஆல்ட் நேம்ஸ் வரியில் இருக்க வேண்டும், அதுவும் சிஏவை (சான்றிதழ்களில் கையொப்பமிடும் அமைப்பை) உருவாக்கும் முன்பே. பிறகு சேர்த்தால் சர்வர் சான்றிதழில் அது ஏறாது. "சர்வரின் பெயர் சான்றிதழோடு பொருந்தவில்லை" என்று ஒவ்வொரு ஏஜென்டும் திரும்பிவிடும். அப்படி ஆகிவிட்டால் சிஏவை அழிக்கத் தேவையில்லை. சேவையை நிறுத்தி, சர்வரின் சொந்தச் சான்றிதழை மட்டும் புதிதாக எடுத்தால் போதும்.

மூன்றாவது டிசிபி போர்ட் 8140. ஏஜென்ட்தான் சர்வரை நோக்கிப் போகும். சர்வர் ஒருபோதும் ஏஜென்டைக் கூப்பிடாது. ஆகவே ஏஜென்ட் மெஷின்களில் உள்வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். ஃபயர்வால் குழுவிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலே அனுமதி சீக்கிரம் கிடைக்கும்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று நெட்கேட்டால் பார்ப்பது பாதிச் சோதனைதான். ஒரு நெட்வொர்க் பிரிவில் போர்ட் திறந்திருந்தும் "சான்றிதழ்ச் சங்கிலியில் தானே கையொப்பமிட்ட சான்றிதழ்" என்ற பிழை வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையால் 8140-ஐத் தொட்டுப் பார்த்தால் சான்றிதழை வழங்கியவர் என்ற இடத்தில் 'பப்பெட் சிஏ' என்று தொடங்கும் பெயர் இருக்க வேண்டும். அங்கே ஃபயர்வால் சாதனத்தின் பெயர் இருந்தது. நடுவில் உட்கார்ந்து டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது அது. 8140-க்கு அந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கு வாங்கியதும் சரியானது. ஏஜென்ட் பக்கம் எதை மாற்றினாலும் இது தீர்ந்திருக்காது.

பெயரும் கடிகாரமும்

ஒவ்வொரு மெஷினிலும் முதலில் பார்த்தது ஹோஸ்ட்நேம் -எஃப் என்ன சொல்கிறது என்பதை. பப்பெட் இயல்பாக மெஷினின் முழுப் பெயரையே சான்றிதழ்ப் பெயராக எடுத்துக்கொள்ளும். அந்த முழுப் பெயரில் டொமைன் பகுதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. டிஎச்சிபியிலிருந்து (மெஷினுக்கு நெட்வொர்க் தானாக முகவரி தரும் முறையிலிருந்து) வந்தால், நெட்வொர்க் மாறும் நாளில் பெயரும் மாறும். பெயர் மாறினால் ஏஜென்ட் புதுச் சாவி உண்டாக்கி, புதுக் கோரிக்கை அனுப்பி, கையொப்பத்துக்காகக் காத்து நிற்கும். சர்வரில் பார்த்தால் பழைய பெயர் பதிலில்லாமல் கிடக்கும், புதிய பெயர் வரிசையில் நிற்கும்.

அதனால் எல்லா மெஷினிலும் பப்பெட்.கான்ஃப் கோப்பின் மெயின் பகுதியில் சர்ட்நேம் வரியை வெளிப்படையாக எழுதினோம். முழுக்கச் சிறிய எழுத்து. பெரிய எழுத்தை ஏற்காது. விண்டோஸ் மெஷின்களுக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைக்கும் பழக்கம் இருப்பதால் இதைக் கவனிக்க வேண்டியிருந்தது.

கடிகாரம் அடுத்தது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய விர்ச்சுவல் மெஷின்கள் சில நேரம் ஸ்னாப்ஷாட் எடுத்த காலத்திலேயே இருக்கும். அப்போது வரும் செய்தி, "சிஏ வழங்கிய சிஆர்எல் இன்னும் செல்லுபடியாகவில்லை, நேரம் ஒத்திசைந்திருக்கிறதா பார்" என்பது. சிஆர்எல் என்பது திரும்பப் பெற்ற சான்றிதழ்களின் பட்டியல். நேரத்தை நேரடியாகச் சொல்லும் அபூர்வமான எஸ்எஸ்எல் பிழை இது. ஆனால் நீண்ட லாக்கில் கடைசிப் பாதி கண்ணில் படாமல் போகும். க்ரோனிசி ட்ராக்கிங் (நேர விலகலைக் காட்டும் கட்டளை) ஓட்டி, விலகல் நொடியின் சிறு பின்னத்துக்குள் வந்த பிறகுதான் அடுத்த படி. நேரம் தானாக ஒத்துவரும் என்று விட்டுவிட்டு ஏஜென்டை ஓட்டக் கூடாது.

பேக்கேஜ்

உபுன்டு 22.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் 'பப்பெட்' என்று தேடினால் கிடைப்பது 5.5. அது மிகப் பழையது, 8-ஆம் பதிப்புச் சர்வரோடு சேர்க்கத் தகாது. அதைவிடக் குழப்பம் தருவது கோப்பு இருக்கும் இடம். விநியோகத்தின் பேக்கேஜ் /இடிசி/பப்பெட் அடைவைப் படிக்கும். 'பப்பெட்-ஏஜென்ட்' என்ற தனிப் பேக்கேஜ் /இடிசி/பப்பெட்லேப்ஸ்/பப்பெட் அடைவைப் படிக்கும். இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால், ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை ஓட்டிக்கொண்டிருப்போம். பழையதை முழுதாக நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும். 2025 தொடக்கத்திலிருந்து வாக்ஸ் பப்புலி சமூகம் ஓப்பன்வாக்ஸ் என்ற கிளைப் பதிப்பை வெளியிடுகிறது. அதிலும் கட்டளையும் அடைவுகளும் பழைய இடத்திலேயேதான், எனவே இங்கே சொல்வது எதுவும் மாறாது.

பதிப்பில் ஒரே விதி: ஏஜென்ட் சர்வரைவிடப் புதியதாக இருக்கக் கூடாது. மேம்படுத்தும்போது முதலில் சர்வர், பிறகு ஏஜென்ட்கள். தானியங்கிப் புதுப்பிப்பு இயங்கும் மெஷினில் ஏஜென்ட் முந்திக்கொள்ளும். உபுன்டுவில் ஏபிடி-மார்க் ஹோல்ட், ராக்கியில் வெர்ஷன்லாக் போட்டு அதை நிறுத்தினோம்.

நிறுவியதும் பப்பெட் சேவை நின்றிருக்கிறதா என்று உறுதிசெய்தோம். விண்டோஸில் இது முக்கியம்: எம்எஸ்ஐ நிறுவி இயல்பாகவே சேவையைத் தானியங்கியாகத் தொடக்கிவிடும். சர்வர் பெயரைக் கொடுக்காமல் விட்டால் 'பப்பெட்' என்ற பெயரைத் தேடிப் போய்க் கோரிக்கையையும் அனுப்பிவிடும். எனவே எம்எஸ்ஐஎக்ஸெக்கை அமைதி முறையில் ஓட்டும்போதே சர்வர் பெயர், ஏஜென்ட் சான்றிதழ்ப் பெயர், ஸ்டார்ட்அப் மோட் மேனுவல் ஆகிய மூன்றையும் சேர்த்தே கொடுத்தோம்.

சூடோ இல்லாமல் ஓட்டினால்

அதிக நேரம் தின்றது இதுதான், விரிவாகவே சொல்கிறேன்.

பேக்கேஜ் தன் நிரல்களை /ஆப்ட்/பப்பெட்லேப்ஸ்/பின் அடைவில் வைக்கிறது. புதிதாக லாகின் செய்த ஷெல்லின் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) அது இருக்கும். ஆனால் கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டும் சூடோ, தனக்கென்று செக்யூர் பாத் வைத்திருக்கிறது. அதில் இந்த அடைவு கிடையாது. 'சூடோ பப்பெட் ஏஜென்ட்' என்று அடித்தால் "கட்டளை கிடைக்கவில்லை" என்று வரும். சூடோவை எடுத்துவிட்டு அடித்தால் உடனே ஓடும். கை தானாக அப்படித்தான் போகும்.

ஓடுகிறது, ஆனால் சாதாரணப் பயனராக. அப்போது பப்பெட் /இடிசியைப் பார்க்காது. பயனரின் வீட்டு அடைவில் .பப்பெட்லேப்ஸ் என்று ஒன்றை உண்டாக்கி, அங்கே தனியாக ஒரு சாவி செய்து, அதே மெஷின் பெயரில் கோரிக்கை அனுப்பும். அந்த அடைவில் சர்வர் பெயர் எழுதப்பட்டிருக்காது என்றாலும், டிஎன்எஸ்ஸில் 'பப்பெட்' என்ற மாற்றுப்பெயர் இருந்ததால் சரியான சர்வருக்கே போய்ச் சேர்ந்தது. சர்வரில் கோரிக்கை வந்து நிற்கிறது, பெயர் சரி, கையொப்பமும் போட்டாயிற்று. பிறகு சேவை ரூட்டாக எழுந்து தன் சாவியோடு வருகிறது. சர்வர் கொடுக்கும் சான்றிதழோ வேறொரு சாவிக்கு உரியது. "சான்றிதழ் தன் தனிச் சாவியோடு பொருந்தவில்லை" என்ற பிழை வருகிறது. இரண்டு பக்கமும் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

தீர்வுக்கு வரிசை உண்டு. சர்வரில் பப்பெட்சர்வர் சிஏ கிளீன் கட்டளையால் அந்தப் பெயரை நீக்குங்கள். அது சான்றிதழைத் திரும்பப் பெற்று அழித்துவிடும். பிறகு ஏஜென்டில் ரூட்டாக பப்பெட் எஸ்எஸ்எல் கிளீன். பயனரின் வீட்டு அடைவில் உள்ள .பப்பெட்லேப்ஸையும் அழியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆள் அதே குழியில் விழுவார். பிறகு புதிதாகக் கோரிக்கை. இது மீண்டும் வராமலிருக்க, சூடோவின் செக்யூர் பாத்தில் அந்த அடைவைச் சேர்த்தோம். விண்டோஸில் இதற்கு இணையானது, நிர்வாகி உரிமை இல்லாத கமாண்ட் பிராம்ட்டில் ஓட்டுவது. விளைவும் அதேதான்.

கோரிக்கையும் கையொப்பமும்

பெரும்பாலான வழிகாட்டிகள் பப்பெட் ஏஜென்ட் --டெஸ்ட் ஓட்டச் சொல்கின்றன. அது சான்றிதழ் கேட்கும். சான்றிதழ் கிடைத்துவிட்டால் அதே மூச்சில் கேட்டலாக்கை (அந்த மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலை) வாங்கி மெஷினில் மாற்றங்களையும் செய்துவிடும். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் இது ஆபத்து. இதற்குப் பதில் பப்பெட் எஸ்எஸ்எல் பூட்ஸ்ட்ராப் நல்லது. சாவி, கோரிக்கை, சான்றிதழ் வாங்குவது வரை மட்டும் செய்யும்; கையொப்பம் வரும்வரை இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கும். முடிந்ததும் பப்பெட் எஸ்எஸ்எல் வெரிஃபை ஓட்டிப் பார்த்தால் சங்கிலி முழுதும் சரியா என்று தெரிந்துவிடும்.

சர்வரில் பப்பெட்சர்வர் சிஏ லிஸ்ட் கொடுத்தால் காத்திருக்கும் பெயர்களும் பக்கத்தில் எஸ்எச்ஏ256 ஃபிங்கர்பிரிண்ட்டும் (கோரிக்கையை அடையாளம் காட்டும் எண்ணும்) வரும். ஏஜென்டில் பப்பெட் ஏஜென்ட் --ஃபிங்கர்பிரிண்ட் கொடுத்தால் அந்தப் பக்கத்து எண் வரும். முதல் நான்கு, கடைசி நான்கு இணைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டோம். மேலே சொன்ன இரட்டைச் சாவிச் சிக்கலும் இந்த ஒரு ஒப்பீட்டிலேயே பிடிபட்டுவிடும்: எண்கள் ஒத்துவராது.

ஒவ்வொன்றாகக் கையொப்பமிடுவது பத்து மெஷினுக்குச் சரி. அறுபதுக்கு வரும்போது ஆட்டோசைனை (தானாகக் கையொப்பமிடும் அமைப்பை) ட்ரூ என்று வைக்கும் ஆசை வரும். வைக்காதீர்கள். 8140-ஐத் தொட முடிந்த யாரும் எந்தப் பெயரையும் சொல்லிச் சான்றிதழ் வாங்கலாம். அந்தப் பெயருக்குரிய கடவுச்சொற்கள் கேட்டலாக்கில் இருந்தால் அவையும் போய்ச் சேரும். கொள்கைவழி ஆட்டோசைன்தான் சரியான பாதை. ஆட்டோசைன் வரியில் ஒரு சிறு நிரலின் பாதையைக் கொடுக்க வேண்டும். சர்வர் அதற்குச் சான்றிதழ்ப் பெயரை ஆர்குமென்ட்டாகவும் கோரிக்கையை உள்ளீடாகவும் தரும். நிரல் 0 திருப்பினால் கையொப்பம், இல்லாவிட்டால் காத்திருப்பு. ஏஜென்ட் பக்கம் சிஎஸ்ஆர்_ஆட்ரிபியூட்ஸ்.யாமல் கோப்பில் ஒரு ரகசியச் சொல்லை வைத்தோம்.

அதில் இரண்டு நுணுக்கம். ரகசியச் சொல் கஸ்டம் ஆட்ரிபியூட்ஸ் பகுதியில், சேலஞ்ச் பாஸ்வேர்டாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ரிக்வெஸ்ட்ஸ் பகுதியில் எழுதுவதெல்லாம் சான்றிதழிலேயே பதிந்துவிடும். அங்கே ரகசியம் வைத்தால் அது ரகசியமில்லை. அந்த இரண்டாம் பகுதிக்கு உரியது மெஷினின் பணி, டேட்டாசென்டர் போன்றவை. அடுத்தது, கோரிக்கை உண்டாகும் முன்பே கோப்பு அங்கே இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். சான்றிதழை நீக்கி மறுபடி தொடங்க வேண்டும். கையொப்பமிட்டு முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

டெம்ப்ளேட்

புது மெஷின்களுக்காக விர்ச்சுவல் மெஷின் டெம்ப்ளேட்டிலேயே ஏஜென்டை வைத்தபோது ஒரு பிழைச் செய்தியும் இல்லாத சிக்கல் வந்தது. டெம்ப்ளேட்டை மூடும் முன் ஏஜென்ட் ஓடியிருந்தது. கான்ஃபிக்கில் சர்ட்நேமும் எழுதியாயிற்று. அதிலிருந்து பிறந்த ஒவ்வொரு மெஷினும் ஒரே பெயர், ஒரே சாவி, ஒரே சான்றிதழோடு வந்தது. சர்வருக்கு அவையெல்லாம் ஒரே மெஷின். ரிப்போர்ட்டில் ஒரே பெயருக்கு ஐபி முகவரி மாறி மாறி வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இப்போது டெம்ப்ளேட்டில் இருப்பது பேக்கேஜும் சர்வர் பெயரும் மட்டும். சேவை முடக்கம், எஸ்எஸ்எல் அடைவு இல்லை, சர்ட்நேம் வரி இல்லை. முதல் பூட்டில் கிளவுட்-இனிட் ஹோஸ்ட்நேமை அமைத்த பிறகு, அதே ஸ்கிரிப்டின் கடைசியில் சர்ட்நேமை எழுதி, ஆட்ரிபியூட்ஸ் கோப்பை வைத்து, பூட்ஸ்ட்ராப்பை ஓட்டுகிறது. இந்த வரிசை மாறினால் பழைய ஹோஸ்ட்நேமில் சான்றிதழ் கிடைக்கும்.

முதல் ஓட்டம்

முதல் ஓட்டம் எப்போதும் --டெஸ்ட் --நூப். என்ன மாறும் என்று காட்டும், மாற்றாது. ஆனால் நூப்பை முழுக்க நம்ப முடியாது. எக்ஸெக் வளங்களில் (கட்டளைகளை ஓட்டச் சொல்லும் பகுதிகளில்) உள்ள ஒன்லி-இஃப், அன்லெஸ் நிபந்தனைக் கட்டளைகள் நூப்பிலும் நிஜமாகவே ஓடும். அவை எதையாவது மாற்றும்படி எழுதப்பட்டிருந்தால் மாறத்தான் செய்யும். மறுபக்கம், இன்னும் நிறுவப்படாத பேக்கேஜை நம்பியிருக்கும் சேவைகள் நூப்பில் வீணாகப் பிழை காட்டும்.

நூப் சரியென்றால் நிஜ ஓட்டம். இங்கே வெளியேறு எண் கவனம்: --டெஸ்ட் போட்டால் 0 என்றால் மாற்றமில்லை, 2 என்றால் மாற்றங்கள் வெற்றி, 4 என்றால் சில தோல்வி, 6 என்றால் இரண்டும் கலந்தது, 1 என்றால் ஓட்டமே நடக்கவில்லை. பல மெஷின்களில் வரிசையாக ஓட்ட எழுதிய ஷெல் ஸ்கிரிப்டில் செட் -இ (பூஜ்யமல்லாத எண் வந்தால் நிறுத்து என்பது) இருந்ததால், முதல் மெஷினில் எல்லாம் நல்லபடி முடிந்து 2 வந்ததும் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. 0, 2 இரண்டையும் வெற்றியாக எடுக்கும்படி எழுத வேண்டும். ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியிலிருந்து ஓட்டினாலும் இதே கதைதான்.

சேவையாக விட்டபின்

ஓட்ட இடைவெளி இயல்பாக 30 நிமிடம். ஒரு கேட்டலாக்கைத் தொகுக்க நமது சர்வருக்கு ஏறத்தாழ 10 நொடி. அறுபதுக்கு 600 நொடி வேலை. அரை மணிக்கு 3 ஜேரூபிக்கும் சேர்த்து 5,400 நொடி கையிருப்பு. தாராளம். ஆனால் மின்தடைக்குப் பின் அறுபதும் ஒரே நேரத்தில் எழுந்தால் மூன்று மூன்றாக 20 சுற்று, கடைசி மெஷினின் முறை முடிய 200 நொடி ஆகும். அடுத்த அரை மணியிலும் அதே கூட்டம், அதே வரிசை. ஸ்பிளேயை ட்ரூ என்று வைத்ததும் ஒவ்வொரு ஏஜென்டும் 30 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு தாமதத்தை எடுத்துக்கொண்டு பிரிந்துவிடுகிறது. இயல்பில் இது அணைந்திருக்கும்.

கண்காணிப்புக்கு லாஸ்ட்_ரன்_சம்மரி.யாமல் கோப்பே போதும். 7-ஆம் பதிப்பிலிருந்து அது /ஆப்ட்/பப்பெட்லேப்ஸ்/பப்பெட்/பப்ளிக் அடைவில் இருக்கிறது. ரூட் உரிமை இல்லாமலே படிக்கலாம். கடைசி ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தையது என்றாலோ, தோல்வி எண் பூஜ்யம் இல்லை என்றாலோ எச்சரிக்கை. யாராவது பப்பெட் ஏஜென்ட் --டிசேபிள் போட்டுவிட்டு மறந்துபோனதும் இதில் தெரியும். டிசேபிள் போடும்போது காரணத்தையும் மேற்கோளில் எழுதும் பழக்கம் இருந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியும்.

இந்தக் கோப்பு மட்டும் பார்த்தால் தப்பிப்போகும் ஒன்று உண்டு. புதிய கோட் தொகுப்பில் தவறு இருந்தால், சேவையாக ஓடும் ஏஜென்ட் முன்பு சேமித்து வைத்த கேட்டலாக்கை எடுத்து ஓட்டிவிடும். மெஷின் தவறாமல் ஓடிக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும், ஆனால் நேற்றைய கட்டளைகளோடு. கையால் --டெஸ்ட் ஓட்டினால் மட்டும் பிழை வரும், ஏனென்றால் அந்தச் சுவிட்ச் பழைய கேட்டலாக்கைத் தொடாது. ரிப்போர்ட்டில் கேஷ்டு கேட்டலாக் ஸ்டேட்டஸ் 'ஆன் ஃபெயிலியர்' என்று இருப்பதையும் எச்சரிக்கையில் சேர்த்தோம்.

அடுத்த முறை மாற்றப்போவது

முதல் மெஷினிலிருந்தே ஆட்ரிபியூட்ஸ் கோப்பு. நடுவில் கொண்டுவந்ததால் முன்பு கையொப்பமிட்ட சான்றிதழ்களில் மெஷினின் பணி பதியவில்லை. அவற்றை நீக்கி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. பேக்கேஜ்களை உள் மிரரில் ஒரே பதிப்பாக வைப்பது அடுத்தது. வெளியே போய் எடுக்கும்போது அன்று அங்கே என்ன இருக்கிறதோ அது வந்துவிடுகிறது.

சிஏ அடைவின் பேக்கப்பை முதல் கையொப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். 7-ஆம் பதிப்பிலிருந்து அது /இடிசி/பப்பெட்லேப்ஸ்/பப்பெட்சர்வர்/சிஏ. அது போய்விட்டால் அறுபது மெஷினிலும் எஸ்எஸ்எல்லைச் சுத்தம் செய்து முதலிலிருந்து வர வேண்டும். கூடவே, கழற்றிப்போடும் மெஷின்களின் பட்டியலில் சிஏ கிளீனும் ஒரு படியாக இருக்கட்டும். ஏஜென்ட் சான்றிதழின் இயல்பான ஆயுள் 5 ஆண்டு; அணைத்துப் போட்ட மெஷினின் டிஸ்கில் கிடக்கும் சான்றிதழை அதுவரை சர்வர் நம்பிக்கொண்டே இருக்கும்.